மூன்று பந்து வாங்கினேன், உள்ளே இருந்தது ஒன்றுதான்

ஊட்டியில் குடியிருந்துகொண்டு பவுலிங் ஆடுகிறேன் என்று சொன்னால், கிரிக்கெட்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை, 60 அடி நீளப் பாதையின் கோடியில் 10 பின்களை, அதாவது புட்டி வடிவக் கட்டைகளை, நிறுத்தி, கனத்த பந்தை உருட்டிச் சாய்க்கிற டென்பின் பவுலிங். எனக்கு வயது 43. பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். இந்த விளையாட்டில் இரண்டு வருடத்தில் நான் தொலைத்த பணம் 85,500 ரூபாய். கோவைக்குப் போய்வந்த பெட்ரோலை அதில் சேர்க்கவில்லை. கணக்கு எழுதுவதே பிழைப்பு என்றாலும், அந்த ஒன்றை மட்டும் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு முன்னால் இந்த வழியில் போன யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

மகனின் பிறந்தநாளுக்குக் கோவையில் ஒரு வணிக வளாகத்துக்குப் போனபோது தொடங்கியது இது. அங்கே கொடுத்த செருப்புக்கும் சப்பாத்துக்கும் நடுவான காலணியை மாட்டிக்கொண்டு, யார் யாரோ விரல் விட்ட பந்தை எடுத்து உருட்டினேன். நான்காவது முறை பத்தும் விழுந்தன. அந்தச் சத்தம் காதிலேயே நின்றுவிட்டது. அடுத்த மாதம் மகனைக் கூப்பிட்டேன், அவன் வரவில்லை. நான் மட்டும் போனேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆடுவார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் பொதுப் பந்தில் ஆடி, ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 118 புள்ளி வந்தது. சொந்தப் பந்து வாங்கினால் 150 தொடலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. எந்தப் பந்து என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

துபாயில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு வரும்போது முதல் பந்தைக் கொண்டுவந்தான். 19,500 ரூபாய். 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. என் மணிக்கட்டுக்கு அதற்கு மேல் தாங்காது. நீலமும் கறுப்பும் குழைந்த நிறம், மூக்கருகே கொண்டுபோனால் ஒரு பழ வாசனை. கோவையில் அளவெடுத்துத் துளை போட்டு, விரலுக்கு ரப்பர் செருகி வாங்க 2,500 ஆயிற்று. முதல் நாள் உருட்டியபோது அது நேராகப் போய்க் கடைசியில் இடதுபக்கம் வளைந்து உள்ளே புகுந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே சொல்கிறேன். பொதுப் பந்து அப்படி வளையவே வளையாது.

அந்த மயக்கத்தில்தான் முடிவெடுத்தேன்: வாங்கினால் இனி இந்த பிராண்டு மட்டும்தான். காரணங்களும் வைத்திருந்தேன். ஒரே நிறுவனம் என்றால் பந்துகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்திருப்பார்கள். பழகிய கைக்கு மாற்றம் தெரியாது. பையைத் திறந்தால் மூன்றிலும் ஒரே முத்திரை, பார்க்கவும் அழகு. மறைப்பானேன், இந்த மூன்றாவதுதான் முதல் காரணம். குன்னூர் ஏலத்துக்குப் போகும் எங்கள் தூளை, சாக்கில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை. கொதிநீர் ஊற்றி, உறிஞ்சித் துப்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பதினெட்டு வருடமாக அந்தத் தொழிலில் சோறு தின்கிற நான் சாக்கின் பெயரைப் பார்த்துப் பந்து வாங்கினேன்.

இரண்டாவது பந்து 21,000, மூன்றாவது 18,000. துளைக் கூலியோடு மூன்றும் சேர்ந்து 66,000 ரூபாய். வாங்குவதற்கு முன் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. இரவெல்லாம் விவரப் பட்டியல்களைப் படித்தேன். பந்துக்குள் ஒரு கனமான கட்டி இருக்கும், அதைக் கோர் என்பார்கள். பந்து உருளும்போது எவ்வளவு தள்ளாடி வளையும் என்பதில் அதற்குப் பெரும்பங்கு. எடை நடுவில் குவிந்திருக்கிறதா, விளிம்புப் பக்கம் பரவியிருக்கிறதா என்று ஓர் எண் சொல்லும்; எவ்வளவு தள்ளாடும் என்று இன்னோர் எண் சொல்லும். மூன்று பந்துக்கும் இந்த எண்கள் வேறுவேறாக இருந்தன. ஒன்று சீக்கிரம் வளையும், ஒன்று நடுவாக, ஒன்று கடைசியில் சட்டென்று திரும்பும் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆடும்போது அந்த நோட்டு பொய்யாயிற்று. மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வளைந்தன. ஒன்று ஒரு சாண் முன்னால், இன்னொன்று ஒரு சாண் பின்னால், அவ்வளவுதான். பாதையில் ஏறத்தாழ முதல் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். கடைசி 20 அடி உலர்ந்திருக்கும். பந்து எண்ணெயில் வழுக்கிப் போய், உலர்ந்த இடம் வந்ததும் பிடித்துத் திரும்ப வேண்டும். வணிக வளாகத்தில் ஞாயிறு மாலை ஆகும்போது, காலையிலிருந்து ஆடிய குழந்தைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் அந்த எண்ணெயைத் துடைத்தெடுத்திருப்பார்கள். நான் வாங்கிய மூன்றின் மேலோடும் சொரசொரப்பானது, கனத்த எண்ணெய்க்கென்று செய்தது. என் வேகமோ குறைவு. பந்து பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு, பின்களை எட்டும்போது உயிர் போய், முன்வரிசைப் பின்னின் இடதுபக்கமாகத் தள்ளாடிக்கொண்டு போய்ச் சேரும். கைதான் சரியில்லை என்று என்னையே நொந்துகொண்டு ஏழு மாதம் ஆடினேன். சராசரி 118 என்பது 121 ஆனது. 66,000 ரூபாய்க்கு மூன்று புள்ளி.

இங்கே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்பது பின் விழுந்து ஒன்று நிற்கிறது. இரண்டாவது உருட்டில் அதை விட்டால் அந்தக் கட்டத்துக்கு, அதாவது அந்த இரண்டு உருட்டுக்கும் சேர்த்து, 9 புள்ளி. அடித்தால் 10, அதோடு அடுத்த உருட்டில் விழுவதும் சேரும். ஆக, நிற்கும் ஒற்றைப் பின்னை ஒவ்வொரு முறை தவறவிடும்போதும் ஏறத்தாழ பத்துப் புள்ளி போகிறது. வலது கைக்காரருக்கு வலது ஓரத்தில் நிற்கும் பத்தாம் பின்தான் எமன், ஏனென்றால் வளைகிற பந்து அதை விட்டு விலகித்தான் போகும். என்னிடம் வளைகிற பந்துகள் மூன்று இருந்தன. நேராகப் போகிற பந்து ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் மேலோடு போட்ட, விலை குறைந்த, வளையாத பந்தைத்தான் ஒற்றைப் பின்னுக்கு எடுப்பார்கள். நான் அதைப் பழகுபவர்கள் வாங்கும் பந்து என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். சொந்தமாக வாங்க வேண்டிய முதல் இரண்டு பந்துகளில் ஒன்று இதுவாக இருக்கட்டும், எந்த பிராண்டாக இருந்தாலும் சரி.

அடுத்து நடந்தது எங்கள் ஊருக்கே உரிய கூத்து. ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டும் என்று பந்துப் பையைக் காரின் டிக்கியிலேயே வைத்துவிட்டேன். காந்தலில் எங்கள் வீட்டு வாசலில் அன்று உறைபனி. காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டித்தான் வழி பார்த்தேன். குன்னூர் தாண்டி, பர்லியாரில் எல்லோரையும்போல் ஸ்வெட்டரைக் கழற்றி, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிடும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. கார் வெயிலில் நின்றது. ஒன்பது மணிக்குக் கோவையில் பையைத் திறந்தால், முதல் பந்தில் கட்டைவிரல் துளையிலிருந்து நடுவிரல் துளைக்கு ஒரு கோடு. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் எடுக்கப் பார்த்தேன். நகம் உள்ளே இறங்கியது.

குளிரில் மேலோடு சுருங்கும் அளவும் உள்ளே இருப்பது சுருங்கும் அளவும் ஒன்றல்ல. சட்டென்று சூடேறினாலும் அப்படியே. துளைகளுக்கு நடுவே இருக்கும் பகுதிதான் பலவீனமானது. விரிசல் அங்கேதான் விழும். காரில் வைக்காதீர்கள், வெப்பநிலை மாறாத அறையில் வையுங்கள் என்று பந்து செய்கிறவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். அட்டைப்பெட்டியோடு வந்த தாளிலும் அது இருந்தது. பெட்டியில் வறுக்கி போட்டு அத்தைக்கு அனுப்பிவிட்டேன், தாளோடு சேர்த்து. எனவே தவறு முழுக்க என்னுடையது. மலையில் இருப்பவர்கள் பந்தைப் படுக்கையறை அலமாரியில், துணி சுற்றி வையுங்கள். கிளம்பும்போது டிக்கியில் போடாமல் பின்சீட்டில், உங்களோடு அதே காற்றில் வரட்டும். கோவையில் இறங்கியதும் பையைத் திறந்து நிழலில் சற்று நேரம் விடுங்கள். எண்ணெய் ஊறிய பந்தை வெதுவெதுப்பான நீரில் போட்டு எண்ணெய் எடுக்கிறவர்களும், கைபொறுக்கும் சூட்டைத் தாண்டாதீர்கள். அவசரத்துக்குக் கொதிநீர் ஊற்றப்போனவள் நான். நல்லவேளை, கேஸ் தீர்ந்துபோயிருந்தது.

விரிசல் விழுந்த கோபம் பிராண்டு மீது திரும்பியது. நியாயமே இல்லாத கோபம்தான். இனி அந்த முத்திரையே வேண்டாம் என்று, வேறு பெயர், வேறு நிறம், வேறு முத்திரை உள்ள ஒன்றை 17,000 கொடுத்து வாங்கினேன். துளைக் கூலியோடு 19,500. அது எப்படி உருண்டது என்று நினைக்கிறீர்கள்? அச்சாக முந்தைய மூன்றைப்போல. அதுவும் சொரசொரப்பு மேலோடு, அதுவும் கனத்த எண்ணெய்க்கானது. பெயரைத்தான் மாற்றினேனே தவிர, வகையை மாற்றவில்லை. போதாக்குறைக்கு, இந்தப் புது பிராண்டும் பழைய பிராண்டும் ஒரே முதலாளிக்குச் சொந்தம் என்று பிறகு தெரிந்தது. இந்தத் தொழிலில் இது சாதாரணம். பிரன்ஸ்விக் நிறுவனம் 2019 நவம்பரில் எபோனைட் இன்டர்நேஷனலை வாங்கியபோது எபோனைட், ஹாமர், டிராக், கொலம்பியா 300 ஆகிய பெயர்கள் எல்லாம் அதன் கூரைக்குள் வந்துவிட்டன. ஸ்டார்மும் ரோட்டோ கிரிப்பும் ஒரே குடும்பம். ஆகவே 'நான் ஒரே பிராண்டு' என்று சொல்கிறவரும் 'நான் பல பிராண்டு' என்று சொல்கிறவரும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

உண்மை தெரிந்தது கோவையில் துளை போடும் இளைஞரின் மேசையில். அவருக்கு முப்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். அதுவரை நானும் எதையும் கேட்டதில்லை, துளை போடச் சொல்லிப் பணத்தைக் கொடுப்பதோடு சரி. விரிசல் பந்தை ஒட்ட முடியுமா என்று கேட்கப் போனபோது, "அக்கா, எல்லாப் பந்தையும் துடைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கொண்டுவாருங்கள்" என்றார். கொண்டுபோனேன். உருண்டு வந்த பந்தின் மேல் எண்ணெய் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்திருக்கும், கையில் அடுக்கிய வளையல்போல. தள்ளாட்டம் அதிகமென்றால் வளையங்கள் விலகி நிற்கும், குறைவென்றால் நெருங்கி ஒட்டிக் கிடக்கும். விரிசல் விழுந்ததை ஆடக் கூடாது என்பதால் முன்பு எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பழைய பிராண்டின் மற்ற இரண்டையும் விளக்கடியில் வைத்தார். சுண்டுவிரலை வளையங்களுக்கு நடுவே வைத்து அளந்தார். இரண்டிலும் ஒரே இடைவெளி, படத்திலும் அதே. "எந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கினீர்கள்?" என்று கேட்டார். காட்டினேன். அவர் எண்களுக்கு மேலே இருந்த ஒரு சின்ன வரியைத் தொட்டார். 15 பவுண்டு.

நான் படித்ததெல்லாம் 15 பவுண்டுப் பந்தின் எண்கள். விளம்பரத்திலும் வீடியோவிலும் பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள். 12 பவுண்டுக்கான விவரம் தனியாகக் கீழே இருந்தது. அதைத் திறந்தால் மூன்று பந்துக்கும் ஒரே எண்கள், கடைசிப் புள்ளி வரைக்கும். பல நிறுவனங்கள் 14 பவுண்டு முதல்தான் ஒவ்வொரு பந்துக்கும் உரிய கோரை வைக்கின்றன. 12, 13 பவுண்டுகளில் பல மாடல்களுக்கும் பொதுவான ஒரே கோரைப் போட்டுவிடுகிறார்கள். எடையைக் குறைக்கும்போது பெரிய கோருக்கு இடமிருக்காது, அவ்வளவு வகை அச்சு செய்தால் கட்டாது என்பது அவர்கள் நியாயம். மறைக்கவுமில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 12 பவுண்டு ஆடுகிறவர் ஒரே பிராண்டில் மூன்று பந்து எடுத்தால், ஒரே சாதத்தை மூன்று இலையில் பரிமாறியதுபோல் ஆகிவிடும் என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. அன்று ஊட்டி திரும்பும்போது மரப்பாலம் அருகே காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். பணத்துக்காக மட்டுமில்லை, ஏழு மாதம் என் கையைத் திட்டினேனே, அதற்காக.

ஆகவே பெண்களும் பிள்ளைகளும், தோள்வலிக்காக எடையைக் குறைத்த பெரியவர்களும், பந்து வாங்குமுன் உங்கள் எடைக்கு உரிய எண்ணைத் தேடிப் பாருங்கள். ஒரு பந்து எவ்வளவு வளையும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டிருக்கும். ஒருவர் போட்ட மதிப்பெண்ணை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது. கோரின் எண்களை ஒப்பிடலாம், அவை எங்கே அளந்தாலும் அவைதான். கோர் ஒன்றாகவே இருந்தாலும் மேலோடு வேறாக இருந்தால் பாதி பிழைத்தோம்: மங்கலான சொரசொரப்பு ஒன்று, பளபளப்பான முத்து வகை ஒன்று. அதையும் வாங்காமலே செய்ய வழி இருக்கிறது. 500 முதல் 4000 வரை எண் போட்ட தேய்ப்பு அட்டைகள் விற்கின்றன. எண் குறைந்தால் சொரசொரப்பு, பந்து சீக்கிரம் பிடிக்கும். எண் கூடினால் வழுவழுப்பு, நீள ஓடித் திரும்பும். துளை போடும் அந்த இளைஞர் என் இரண்டாவது பந்தை 4000-இல் தேய்த்து, மேலே பாலிஷ் போட்டுக் கொடுத்தார். கூலி 400 ரூபாய். நான் 18,000 கொடுத்துத் தேடிய வித்தியாசம் அந்த 400-இல் கிடைத்தது.

நான்காவதாக ஒரு துளை போட்டால் பந்தின் குணம் மாறும் என்று ஒரு பழைய வீடியோவில் பார்த்து, அதையும் அவரிடம் கேட்டுவைத்தேன். அமெரிக்க பவுலிங் சங்கம் 2020 ஆகஸ்டு முதல் அந்தத் துளையை அனுமதிப்பதில்லை, விரல் போகாத துளை பந்தில் இருக்கக் கூடாது என்றார். பழைய வீடியோக்களுக்குத் தேதி பாருங்கள். துளை போடும் இடத்தில் இன்னொன்றும் கற்றேன். மலையிலிருந்து இறங்கியதும் அளவெடுக்கக் கொடுக்காதீர்கள். குளிரில் விரல் சுருங்கியிருக்கும். கோவை வெக்கையில் ஒரு மணி நேரம் கழித்துக் கட்டைவிரல் வீங்கும். என் முதல் பந்தின் துளை அப்படித்தான் இறுகிப்போய், ஒருமுறை பந்தோடு நானும் பாதை தொடங்கும் கோட்டைத் தாண்டிவிட்டேன். துளையைச் சற்றுத் தளர்வாகப் போட்டு, உள்ளே ஒட்டும் பட்டையை ஒன்றிரண்டு வைத்துக் கூட்டிக் குறைப்பதே நமக்குச் சரி. எல்லாப் பந்துக்கும் ஒரே ஆளிடம் ஒரே அளவில் துளை போடுவது, எல்லாவற்றிலும் ஒரே முத்திரை இருப்பதைவிடப் பத்து மடங்கு முக்கியம். துளை போட்டபின் நல்ல விலைக்கு விற்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்தவர் அடைத்து, மறுபடி துளைக்க வேண்டும். 17,000-க்கு வாங்கியதை 5,000-க்குக் கேட்கிறார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியென்றால் ஒரே பிராண்டு தப்பா என்று எங்கள் ஞாயிறுக் கூட்டத்தில் கேட்கிறார்கள். 14, 15 பவுண்டு ஆடுகிறவருக்கு அது தப்பில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வரிசையைப் படிக்கட்டுபோல் அடுக்கியிருக்கிறது. ஒரு வீட்டின் படிகள் பழகினால் எது எங்கே வளையும் என்று ஊகிப்பது சுலபம். எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணன் அப்படித்தான், ஆறு பந்தும் ஒரே முத்திரை; ஆறும் ஆறு விதமாக உருள்கின்றன. ஆனால் அவர் 15 பவுண்டுக்காரர், அதோடு ஒவ்வொன்றையும் முந்தையதில் இல்லாதது எது என்று பார்த்து வாங்கியவர். நான் முந்தையதில் பிடித்தது எது என்று பார்த்து வாங்கினேன்.

இப்போது என் பையில் மூன்று பந்து, இரண்டு பிராண்டு. பாலிஷ் போட்டது, தேய்க்காமல் விட்ட சொரசொரப்பு ஒன்று, 10,000 ரூபாயில் துளைக் கூலி உள்பட முடிந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். அந்த ஆரஞ்சு வந்த நான்காவது மாதம் சராசரி 141. விரிசல் விழுந்தது தொழிற்சாலையில் என் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. ஆடி மாதக் காற்றுக்கு அந்த ஐந்தரைக் கிலோ அசைந்து கொடுப்பதில்லை.

போன வாரம் துபாயிலிருந்து தம்பி அழைத்தான். "அக்கா, உங்கள் பிராண்டில் புதிதாக ஊதா நிறத்தில் ஒன்று வந்திருக்கிறது. வாங்கி வரட்டுமா?" 12 பவுண்டில் உள்ளே என்ன கோர் என்று கடைக்காரரைக் கேட்டுச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சுக்குரல் கேட்டது, பிறகு திரும்பி வந்தான். "அவருக்குத் தெரியவில்லையாம் அக்கா. நிறம் மட்டும் அருமை என்கிறார்." எட்டுக் கிலோ பேரீச்சம்பழம் வாங்கி வரச் சொன்னேன்.